நிரந்தர மீடியம்

“எனக்கு ஒரு அளவு நாடா வேணும், மேடம்.”

அவ்வளவுதான். அந்த அறையில் விசைப்பலகைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் எல்லாம் நின்றுவிட்டன. தொலைபேசியில் யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவள் ஆறுதலைப் பாதியில் விட்டாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரை ஏறியது. எலாஸ்டிக் மேடம் மட்டும் நிதானமாக எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வீட்டு மானம் தெருவுக்குப் போய்விடக் கூடாது என்று ஜன்னலை மூடுகிற அம்மாக்களின் முகம் அப்போது அவருக்கு.

கேட்டவளுக்குப் பெயர் டிகிரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தில், நினைவுக்கு எட்டிய தலைமுறைகளில், கல்லூரிக்குள் கட்டடம் கட்டப் போகாமல் படிக்கப் போன முதல் ஆள் அவள்தான். அதனால் தெரு அவளை டிகிரி என்று கூப்பிட்டது. தெரு கூப்பிட்டதால் வீடும் கூப்பிட்டது. “டிகிரி, குடத்தை எடுத்து வை”, “டிகிரி, உனக்கு வாய் நீளம்” என்று புழங்கிப் புழங்கி அதுவே பெயராகிவிட்டது. வாய் நீளம் என்பதும் உண்மைதான். அது படித்ததால் வந்த வாய் அல்ல. படித்து முடிக்கும்வரை அடக்கி வைத்திருந்த வாய்.

வீட்டில் உட்கார்ந்தபடியே துணி வாங்குகிறவர்களுக்கு விற்கிற பெரிய கம்பெனி அது. அதன் அளவுத் துறையில் அவளுக்குத் தற்காலிக வேலை. கெட்ட பெயர் எடுக்காமல் ஒரு வருஷத்தை ஓட்டினால் நிரந்தர ஆணை கைக்கு வரும். அந்த ஆணைக்காக அவளைவிட அதிகமாகக் காத்திருந்தது அவள் அம்மா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வெந்நீர்த் தொட்டியில் போர்வை அலசுகிற வேலை அம்மாவுக்கு. சோடா அரித்து விரல்கள் வெடித்து, கையைப் பிடித்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். “எம் பொண்ணுக்கு நிரந்தரம் ஆகட்டும், அன்னிக்கே இந்தத் தொட்டியைக் கவுத்துட்டு வீட்டுக்குப் போறேன்” என்று அவள் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கூட வேலை செய்கிறவர்களும் மறக்காமல், “என்ன, இன்னும் கவுக்கலையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே, கேட்கக் கூடாததைக் கேட்க டிகிரிக்கு இது நல்ல நேரமே அல்ல. தெரியாமல் கேட்டாள் என்றும் சொல்ல முடியாது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே எலாஸ்டிக் மேடம் அவளை ஓரமாக அழைத்துப் போய்ச் சொல்லியிருந்தார்: “சம்பளம் உசத்தணும்னு கேளு. லீவு கேளு. என் நாற்காலியே வேணும்னாலும் கேளு, ஒண்ணும் ஆகாது. அளவு நாடா மட்டும் கேட்டுடாதே.”

எலாஸ்டிக் மேடம் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர். எந்தப் பிரச்சினையைக் கொண்டு போனாலும், “கொஞ்சம் இழுத்துவிட்டா சரியாப் போயிடும்” என்பார். பெயர் அப்படி வந்தது.

அளவுத் துறையில் ஏன் அளவு நாடா கிடையாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் நாடா இருந்ததாம். வெட்டுகிற பிரிவில் ஒன்று, தைக்கிற பிரிவில் ஒன்று, பெட்டி கட்டுகிற பிரிவில் ஒன்று. ஒன்று பழசாகி இழுபட்டிருந்தது. ஒன்று நனைந்து சுருங்கியிருந்தது. இன்னொன்றின் முனையை யாரோ காது குடைய வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரே சட்டை மூன்று இடத்தில் மூன்று அளவு காட்ட, மூன்று பிரிவுக்கும் கைகலப்பு. சாதாரண மனிதர்களாக இருந்தால் புதிதாக நாடா வாங்கியிருப்பார்கள். நிறுவனர் சாதாரண மனிதர் அல்ல. நாடாவையே ஒழித்தார். “நாடா பொய் சொல்லும், உடம்பு சொல்லாது” என்று பலகை எழுதி வாசலில் மாட்டினார். அந்த நேரம் பார்த்து, ஒட்டுகிற டேப் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்வதற்காகக் கிடங்கிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். நல்ல நடுத்தரமான பெண். நிறுவனர் அவளைக் கைகாட்டி, “இன்னியிலேருந்து இதுதான் மீடியம்” என்று அறிவித்துவிட்டார்.

அந்தப் பெண்தான் மீடியம் அக்கா. அன்றிலிருந்து கம்பெனியின் எந்த உடுப்பும் அக்கா போட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே வெளியே போகும். திங்கட்கிழமைதோறும் அதற்கென்று ஒரு சடங்கு. வட்டமான பீடம் ஒன்று. கீழே மோட்டார் வைத்து மெதுவாகச் சுற்றும். அக்கா புது உடுப்போடு அதில் ஏறி நிற்பார். துறைத் தலைவர் கோட்டோடு வந்து, “மீடியம் எப்படி இருக்கு?” என்று கேட்பார். அக்கா “சரியா இருக்கு” என்பார், இறுக்கமாக இருந்தால் “பிடிக்குது” என்பார். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு சொல்லை அக்கா பீடத்தில் பேசியதில்லை. பேச அனுமதியும் இல்லை. பிறகு தலைவர் கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுத் தன் இரண்டு விரல்களை நீட்டுவார். அந்த அகலம் குறைத்தால் ஸ்மால், கூட்டினால் லார்ஜ், கையை முழுக்க விரித்து வைத்தால் எக்ஸெல். ஒருமுறை தலைவர் கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு பெரிய கட்டோடு வந்தார். அந்தப் பருவத்தில் எக்ஸெல் வாங்கியவர்கள் எல்லாம் காற்றாட நடந்தார்கள்.

கோட்டுக் கையை ஏன் சுருட்ட வேண்டும் என்றால், அது விரல் நுனிவரை மூடியிருக்கும். கம்பெனிக் கோட்டு அது.

அக்காவும் மனுஷிதானே. அவருக்குக் கல்யாணம் ஆகி உறவுக்காரர்கள் வீட்டில் எல்லாம் விருந்து சாப்பிட்டு வந்த பருவத்தில், ஊரில் யார் மீடியம் வாங்கினாலும் உள்ளே கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் அண்ணன் போய்ச் சேர்ந்து, அக்கா பேருக்குக் கொறித்துக்கொண்டு கிடந்த மாதங்களில் தைத்த சட்டைகளைப் போட்டவர்களால் கையைத் தூக்க முடியவில்லை. பின்கட்டில் திரும்பி வந்து குவிந்து கிடந்த பெட்டிகளை வரிசையாகப் பிரித்துப் பார்த்தால் அக்காவின் வாழ்க்கை வரலாற்றை அப்படியே எழுதிவிடலாம். ஆனால் கம்பெனியின் கணக்கில் அக்கா மாறியதே இல்லை. மாறியதெல்லாம் ஜனங்கள்.

வீட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவர்களுக்காகக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ‘உங்கள் அளவை நீங்களே கண்டறியுங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. நேராக நில்லுங்கள், மூச்சை இயல்பாக விடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் மீடியத்தைவிட நீங்கள் பெரியவரா, சிறியவரா என்று மனச்சாட்சியோடு யோசித்துப் பாருங்கள் என்று அதில் சொல்லியிருக்கும். மீடியம் யார், எப்படி இருப்பார், ஒரு படமாவது உண்டா என்று கேட்டால், அது வியாபார ரகசியம்.

டிகிரியின் வேலை, இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, பிறகு கண்ணைத் திறந்தவர்களின் போனை எடுப்பது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மேடம் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். இறுக்கம் என்றால், “துணி உங்களை நெருங்கி வருது, பயப்படாதீங்க.” தொளதொளப்பு என்றால், “நீங்க வளர இடம் விட்டிருக்கோம்.” இரண்டும் சேர்ந்து இருந்தால், “சட்டைக்குக் கொஞ்சம் பழகுங்க.”

கொஞ்ச நாளாக வந்த புகார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தோள் சரி, கை சரி, கழுத்து சரி. வயிற்றில் மட்டும் பை. ஸ்மாலிலும் பை, லார்ஜிலும் பை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “வேற ஒண்ணுமில்ல தங்கச்சி. வயித்துக்கிட்ட தொங்குது பாரு, அது ஸ்டியரிங்ல மாட்டிக்கிது. திருப்பத்துல நான் ஒரு பக்கம் போறேன், சட்டை ஒரு பக்கம் போகுது. பின்னாடி அத்தனை பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு” என்றார். பழகுங்கள் என்று சொல்ல டிகிரிக்கு நாக்கு வரவில்லை. “அக்கா, தப்பு எங்க மேல. உங்களுக்குச் சரியா இருக்கிற பழைய சட்டையவே போட்டுக்கிட்டு ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டாள். பதிவாகிற போன் அது.

புகார்கள் எக்கச்சக்கமாகிவிட, துறை ஆராய்ச்சியில் இறங்கியது. பெரிய திரை போட்டு, கோடு இழுத்து, நாட்டு மக்களின் வயிறு வேகமாக உள்வாங்கி வருகிறது என்ற முடிவுக்கு வந்தது. இது கம்பெனிக்குப் பெருமைதானே என்று தலைவர் சொல்ல, புகார் கொடுத்த அத்தனை பேருக்கும் பாராட்டுக் கடிதம் போனது. ‘தாங்கள் மெலிந்தமைக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். அடுத்த சிறிய அளவை வாங்கி மகிழுங்கள்.’ பாதிப் பேர் உண்மையிலேயே மகிழ்ந்தார்கள். அதுதான் கொடுமை. ஒரு ரிட்டையர்டு ஆசிரியை சந்தோஷத்தில் அழுதே விட்டார். அடுத்த சிறிய அளவை வாங்கினார். அதுவும் தொங்கவே, இரண்டாவது வாழ்த்தும் பெற்றார். பிறந்ததிலிருந்தே குச்சியாக இருக்கிற ஒரு பெண் மட்டும், தனக்கு என்னவோ வந்துவிட்டது என்று பயந்து டாக்டரிடம் ஓடினாள்.

இந்த நேரத்தில்தான் டிகிரி தன் அம்மாவுக்கு ஒரு நைட்டி வாங்கினாள். ஊழியர் சலுகையில், மீடியம். அம்மா அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, வயிற்றுப் பக்கத்தை இரண்டு கையாலும் முன்னே இழுத்துப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏன்டி, உங்க கம்பெனியில என்னை என்னன்னு நினைச்சாங்க? இந்த வயசுல எனக்கு இன்னொண்ணு வேணுமா?”

அப்பா, மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தவர், அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி சிரித்து உருண்டான். டிகிரி சிரிக்கவில்லை. போன வருஷத்து மீடியம் ஒன்று அவளிடமே இருந்தது. இரண்டையும் தரையில் விரித்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். தோளுக்குத் தோள், கைக்குக் கை பொருந்தியது. வயிற்றில் மட்டும் புதுசு பூசணிக்காய் மாதிரி வெளியே வந்து நின்றது. மெலிந்தது நாடு அல்ல என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது. மறுநாள் போய் நாடா கேட்டாள்.

கேட்டதன் பலன், விசாரணை. குற்றம் இரண்டு. ஒன்று, அளவுத் துறையில் அளவு நாடா கேட்டது. இரண்டு, வேன் ஓட்டுகிற வாடிக்கையாளரிடம் தப்பு நம் மேல் என்று சொன்னது. நிரந்தர ஆணையும் அதே கூட்டத்தில்தான் முடிவாகும் என்று எலாஸ்டிக் மேடம் சொன்னார். “மன்னிப்புக் கேட்டுடும்மா. நாடான்னு சொன்னது ஒட்டுற டேப்பைத்தான்னு சொல்லிடு. கொஞ்சம் இழுத்துவிட்டா சரியாப் போயிடும்.”

விசாரணைக்கு முன்னால் டிகிரி மாடிப்படிப் பக்கம் போனாள். அங்கே படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மீடியம் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசித்தவர் சாப்பிடுவது வேறு. அக்கா அதற்கு மேலே போய், பல வருஷத்துக் கணக்கைத் தீர்ப்பது மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உட்காரு டிகிரி. நாடா கேட்டியாமே.”

“சட்டையத்தான்க்கா அளக்கணும்னேன்.”

“சட்டையை அளந்தா அது எங்க வந்து முடியும்? இங்கதானே?” அக்கா வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். பல வருஷம் ஏங்கி, கைவிட்டு, இனிமேல் இல்லை என்று ஆன பிறகு தங்கியிருக்கிறது. ஐந்தாம் மாதம். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பீடத்திலிருந்து இறக்கி வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பிரசவ விடுப்பு வரைக்கும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாராம்.

டிகிரிக்குச் சந்தோஷத்தில் வாய் காதுவரை போனது. அடுத்த நொடியே விசாரணை ஞாபகம் வந்தது. ஏன் நாடா கேட்டாய் என்று உள்ளே கேட்பார்கள். சொன்னால் அக்காவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் தனக்கு ஆணை போகும். அம்மா தொட்டியோடு கிடப்பாள். நல்ல வேளையாக, அதிகம் யோசிக்க நேரம் இல்லை. மணி அடித்தார்கள்.

விசாரணை பீடம் இருக்கிற கூடத்திலேயே நடந்தது. அளவின் முன்னிலையில் அளவைப் பற்றி விசாரிப்பதே முறை என்று அக்காவையும் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். நீளமான மேஜை. நடுவில் தலைவர், இந்தப் பக்கம் எலாஸ்டிக் மேடம், அந்தப் பக்கம் சட்ட ஆலோசகர், ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன்பு எச்சிலைக் கூட்டி விழுங்குகிறவர். ஆளுக்கொரு கோப்பை டீ. நடுவே ஒரு தட்டு பிஸ்கட்.

ஏன் கேட்டாய் என்று கேட்டார்கள். டிகிரி ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே ஒரு கேள்விக்கு வாயைத் திறக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. தலைவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு, கனிவோடு பேச ஆரம்பித்தார்.

“இதப் பாரும்மா. நம்ம வாடிக்கையாளர் என்ன பண்றார்? வீட்ல உட்கார்ந்துக்கிட்டு, துணியைத் தொட்டுப் பார்க்காம, போட்டுப் பார்க்காம, நம்மள நம்பி வாங்குறார். நாம என்ன பண்றோம்? அதே மாதிரி, அளந்து பார்க்காம, நம்பி விக்கிறோம். அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதுக்குப் பேர்தான் சமத்துவம். நடுவுல ஒரு நாடாவைக் கொண்டுவந்தா என்ன ஆகும்? நமக்கு மட்டும் தெரிஞ்சுபோகும். அது ஏமாத்து வேலை இல்லையா?”

எலாஸ்டிக் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்புறம் இன்னொண்ணு. திரும்பி வருது, திரும்பி வருதுன்னு எல்லாரும் கவலைப்படுறீங்க. சட்டை சரியா இருந்தா அவர் அதைப் போட்டுக்கிட்டுப் போயிடுவார். நம்ம ஞாபகமே அவருக்கு வராது. சரியா இல்லாட்டிதான் கூப்பிடுறார், பேசுறார், திட்டுறார், மறுபடி வாங்குறார். சரியான சட்டை வித்தோம்னா அது வியாபாரம். தப்பான சட்டை வித்தோம்னா அது உறவு.”

அவர் சொன்னதை ஒருவர் குறித்துக்கொண்டார். அடுத்த வருஷம் அது வாசல் பலகையாக வரலாம்.

“இப்பச் சொல்லும்மா, எதுக்கு நாடா?”

டிகிரி தரையைப் பார்த்தாள். மேடம், “ஒட்டுற டேப்பு, ஒட்டுற டேப்பு” என்று உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக் கொடுத்தார். அப்போது பீடத்தின் மோட்டார் நின்றது. அக்காவே குனிந்து சுவிட்சை அணைத்திருந்தார்.

“அவ சொல்ல மாட்டா சார். நான் சொல்றேன். நான் முழுகாம இருக்கேன்.”

பீடம் இப்படி மூன்றாவதாக ஒரு சொல்லைப் பேசியதே இல்லை என்பதால், என்ன நடக்கிறது என்று புரியவே சபைக்குச் சற்று நேரம் பிடித்தது. தலைவர் கோட்டுக் கையால் நெற்றியைத் துடைத்தார்.

“எந்தத் துறையோட ஒப்புதலோட?”

“வீட்டுக்காரரோட ஒப்புதலோட சார்.”

மேஜையின் கோடியில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார். தலைவர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் எச்சிலை விழுங்கிவிட்டு, இதில் விடுப்புக்கு வழியில்லை என்றார். விடுப்பு ஊழியர்களுக்கு உரியது. மீடியம் ஊழியர் அல்ல, நிறுவனர் காலத்திலிருந்தே தராசு, இஸ்திரி மேஜை இவற்றோடு கருவிகள் பிரிவில் இருக்கிறது. கருவி கருத்தரிப்பதற்கு விதி கிடையாது.

அக்கா கோபப்படவில்லை. நெடுநாள் சந்தேகம் ஒன்று தீர்ந்த முகத்தோடு தலையை ஆட்டினார். “அதான் வருஷா வருஷம் ஒருத்தர் வந்து என்னைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு முதுகுல ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போவாரா? நானும் ஏதோ பிரியமா வர்றார்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் பீடத்திலிருந்து இறங்கினார். மேஜைக்கு வந்து, தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். கருவிக்கு ராஜினாமா தேவையில்லை அல்லவா என்று ஆலோசகரிடம் கேட்டார். அவர் விதியைப் புரட்ட ஆரம்பித்தார். அக்கா டிகிரியின் கன்னத்தைத் தட்டி, “எனக்காக வாயை மூடிக்கிட்டு நின்ன முத ஆளு நீதான்” என்று சொல்லிவிட்டு, அடி மேல் அடி வைத்துப் பத்திரமாக நடந்து வெளியே போனார். இத்தனை வருஷமாக மீடியம் கதவு வழியாகப் போய் யாரும் பார்த்ததில்லை. பின்பக்கத் திரை வழியாகத்தான் போகும். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பீடம் காலியாக இருந்தது. அடுத்த நாள் முதல் நாட்டில் அளவே இல்லை என்று தலைவர் நடுங்கும் குரலில் சொன்னார். பிரசவம் ஆகும்வரை எல்லா உடுப்பையும் வளரும் வயிற்றுக்கே தைத்து, அதற்கு ‘வளமை’ என்று பெயர் வைத்து விற்றுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மேடம், கொஞ்சம் இழுத்துவிட்டால் அக்காவே திரும்பி வந்துவிடுவார் என்றார். கடைசியில் தலைவருக்கு நிறுவனரின் அறையில் இருக்கிற கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. அதற்குள் ஆதி மீடியம் இருந்தது. அக்காவை நியமித்த அன்று அவர் உடம்புக்குத் தைத்த முதல் சட்டை. வெள்ளைப் பருத்தி. அதை எடுத்து யாரும் எதனோடும் ஒப்பிட்டதில்லை, ஒப்பிடுவது அவநம்பிக்கை. ஆனால் இன்றைக்கு வேறு வழியில்லை.

பெட்டி உடைக்கப்பட்டது. துறையில் இருந்த பெண்கள் எல்லாம் வரிசையாக உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். ஒருத்திக்குத் தோள் ஏறவில்லை, ஒருத்திக்குக் கை நீளம், மேடத்துக்கு இழுத்துவிட்டும் சரியாகவில்லை. வரிசையில் கடைசியாக, விசாரணைக் கைதியான டிகிரியும் போட்டுப் பார்த்தாள். போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் கூடம் மூச்சை இழுத்துப் பிடித்தது. அவளுக்கென்றே தைத்து இவ்வளவு வருஷம் பூட்டி வைத்திருந்த மாதிரி அப்படி உட்கார்ந்திருந்தது.

“திரும்பும்மா,” என்றார் தலைவர். திரும்பினாள். “இன்னொரு தடவை.” திரும்பினாள். தலைவரின் கண் கலங்கியது. “இவ்வளவு நாளா இந்த உடம்பைப் போன் எடுக்கவா வெச்சிருந்தோம்?”

குற்றம் இரண்டும் அந்தக் கணமே ரத்தாயின. நிரந்தர ஆணை அச்சாகி, சூடு ஆறாமல் மேஜைக்கு வந்தது. நிரந்தரம் என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் பார்க்கும்போது டிகிரிக்கு அம்மாவின் கை கண்ணில் நின்றது. தொட்டி கவிழ்கிற சத்தம்கூடக் கேட்டது. நிஜமாகவே பேனாவை எடுத்துவிட்டாள்.

“சில நிபந்தனைங்க இருக்கு, சும்மா பேருக்கு” என்றார் தலைவர். “ஓய்வு பெறுற வரைக்கும் உடம்பு இப்படியே இருக்கணும். அவ்வளவுதான்.”

“கல்யாணம் பண்ணிக்கலாமா சார்?”

“தாராளமா. சாப்பாடு போடாத கல்யாணமா இருந்தா நல்லது.”

“காய்ச்சல் வந்தா?”

“மெலியாத காய்ச்சல்னா முழுச் சம்பளத்தோட லீவு.”

“வீட்ல ஏதாவது துக்கம்னா?”

“துக்கப்படும்மா, யார் வேண்டாம்னா? சாப்பிட்டுட்டுத் துக்கப்படு. அளவா.”

“கோபம் வந்தா?”

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் எச்சிலை விழுங்கினார். கோபத்தால் உடம்பு ஏறுவதோ இறங்குவதோ இல்லை, அதற்குத் தடையில்லை என்றார்.

“பார்த்தியா, எவ்வளவு சுதந்திரம்” என்று மேடம் பூரித்தார்.

தலைவரும் பூரித்துப் போய், எல்லோருக்கும் டீயை நிரப்பச் சொன்னார். நிரப்பினார்கள். டிகிரி பேனாவைக் கையில் வைத்தபடி, பழக்கத்தில், இன்னொரு கையைப் பிஸ்கட் தட்டுப் பக்கம் நீட்டினாள். தலைவர் பேச்சை நிறுத்தாமலே, அவளைப் பார்க்காமலே, தன் நீண்ட கோட்டுக் கையால் தட்டை மெல்ல அந்தப் பக்கமாக நகர்த்திவிட்டார்.

சின்ன அசைவுதான். வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் டிகிரிக்கு அதற்கப்புறம் வரப்போகிற வருஷங்கள் எல்லாம் அந்த மேஜை மேலேயே விரிந்துவிட்டன. அம்மா தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். வந்ததும் முதல் காரியமாக அடுப்பைப் பற்றவைத்து இவளுக்கு ஆக்குவாள்; இத்தனை வருஷமாக வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஆக்க முடியாததை எல்லாம் ஆக்குவாள். ஆக்கி, அந்த வெடித்த கையால் தட்டில் இன்னொரு கரண்டி வைக்க வருவாள். இவள் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, வேண்டாம்மா, நான் மீடியம் என்று சொல்ல வேண்டும். தினமும் சொல்ல வேண்டும். அதற்குத் தொட்டியே மேல் என்று அம்மா சொல்லுவாள். அம்மாவை இவளுக்குத் தெரியும்.

இந்த டிகிரியை வைத்துக்கொண்டு வேறு கதவைத் தட்டலாம். தட்டித் தட்டி ஒன்று திறக்கும். தொட்டி இன்னும் கொஞ்ச நாள் நிமிர்ந்து நிற்கும், நிற்கட்டும்.

பேனாவை மூடி வைத்தாள். எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்தாள். தலைவரின் டீயில் முக்கினாள். நன்றாக ஊறவிட்டு, உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொன்று. நாட்டின் அளவு கண்ணெதிரே கூடிக்கொண்டிருந்தது.

“கையெழுத்து…” என்றார் எலாஸ்டிக் மேடம்.

“வேண்டாம் மேடம்.”

“அப்ப சட்டையைக் கழட்டும்மா. அது ஒண்ணுதான் இருக்கு. அது போச்சுன்னா ஒண்ணுமே இல்ல.”

“என் சட்டை உள்ள கொக்கியில தொங்குது. அதைப் பெட்டியில போட்டுக்கங்க. எனக்கு அது எப்பவும் சரியாத்தான் இருந்துது. வேணும்னா அதுலேருந்து ஆரம்பிங்க.”

அவள் நடந்தாள். தலைவர், “பிடிங்க, மீடியம் போகுது” என்று கத்தினார். பிடிக்கலாமா என்பதில் ஆலோசகருக்குச் சந்தேகம் வந்தது. ராஜினாமா செய்த ஊழியரைத் தடுக்க முடியாது, கருவியைத் தடுக்கலாம், இவள் ஆணையில் கையெழுத்துப் போடவில்லை என்பதால் இன்னும் எது என்று தீர்மானமாகவில்லை. அவர்கள் தீர்மானித்துக்கொண்டிருக்கையில் அவள் போன் அறையைத் தாண்டினாள். அங்கே எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. படிகளில் இறங்கினாள். வெள்ளைச் சட்டை முதுகில் கொஞ்சம்கூடச் சுருங்காமல் கூடவே இறங்கியது.

வாசலில் காவலாளி நின்றார். கம்பெனிச் சீருடையின் பொத்தான்கள் அவர் வயிற்றுக்கு விட்டுக்கொடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வெளியே போகிறவர்களின் பையைப் பார்ப்பது அவர் வேலை.

“என்னம்மா, சீக்கிரம் கிளம்பிட்டே? பையைக் காட்டு. கம்பெனிச் சரக்கு எதுவும் எடுத்துட்டுப் போறியா?”

“பையில ஒண்ணும் இல்லண்ணே. போட்டுக்கிட்டுத்தான் போறேன்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “நம்ம கம்பெனிச் சரக்கா இருக்காது. இவ்வளவு சரியா இருக்கே” என்று சொல்லி, கதவைத் திறந்துவிட்டார்.